துப்பாக்கிக்கு முன்னால் டிரைவரைப் பாருங்கள்

கேள்வி: நான் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவைக் கவனிக்கிறேன். எங்கள் நிறுவனம் வெளிநாட்டில் ஓர் ஆலையை வாங்கியிருக்கிறது. அந்த நகரம் வழிப்பறிக்கும் ஆள்கடத்தலுக்கும் பெயர் போனது. எங்கள் நிர்வாக இயக்குநர் இனி மாதம் ஒருமுறை அங்கே போய் மூன்று நாள் தங்கி வர வேண்டும். பாதுகாப்புக்கு விலை கேட்டோம். இரண்டு குண்டு துளைக்காத கார்களும் ஆயுதம் ஏந்திய ஆறு பேரும் வேண்டும் என்கிறது ஏஜென்சி. இயக்குநரோ, “எனக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்? ஹோட்டல் டாக்ஸி போதும்” என்கிறார். நிதிப் பிரிவு இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சொல்லச் சொல்கிறது. எது சரி? ஏஜென்சியிடம் என்ன கேட்க வேண்டும்? இயக்குநரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் நேரடியான பதில். ஹோட்டல் டாக்ஸி போதாது. ஆறு துப்பாக்கிக்காரர்களும் வேண்டாம். பார்வைக்குச் சாதாரணமான ஒரு கார், பயிற்சி பெற்ற ஒரு டிரைவர், அந்த ஊரை அறிந்த ஒரு மெய்க்காவலர், இயக்குநர் வந்து இறங்குவதற்கு முந்தைய நாளே எல்லா இடங்களையும் நேரில் பார்த்துவிடும் ஒருவர். முதல் பயணத்துக்கு இதை வைத்துத் தொடங்குங்கள். கார் குண்டு துளைக்காததாக இருக்க வேண்டுமா என்பது அந்த ஊரில் எந்த வகைக் குற்றம் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எத்தனை கார், எத்தனை துப்பாக்கி என்று பேச்சைத் தொடங்கும் ஏஜென்சி மீது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அவர் எங்கே தங்குகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், அது யாருக்கெல்லாம் தெரியும்? நல்ல ஏஜென்சி இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்லும்.

காரணம் இதுதான். உங்கள் இயக்குநருக்கு அங்கே இரண்டு வகை ஆபத்து இருக்கிறது. ஒன்று, அவர் யாரென்றே தெரியாதவர்களிடமிருந்து வருவது: சிக்னலில் கண்ணாடியை உடைத்துப் பையைப் பறிப்பது, துப்பாக்கி முனையில் காரைப் பிடுங்குவது, சில மணி நேரம் காரிலேயே வைத்துச் சுற்றி ஏடிஎம்களில் பணம் எடுக்க வைத்துவிட்டு இறக்கிவிடுவது. இவர்கள் தேடுவது அந்த நேரத்தில் கண்ணில் படும் சுலபமான ஆளை. இன்னொன்று, அவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தவர்களிடமிருந்து வருவது. அவர்கள் நாள்கணக்கில் கவனிப்பார்கள். முதல் வகையிடமிருந்து தப்ப, கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஆறு பேரோடு இரண்டு பெரிய வண்டிகளில் போனால், உள்ளே இருப்பது பணமுள்ளவர் என்று நாமே அறிவித்த மாதிரி ஆகிவிடும். இரண்டாவது வகையிடமிருந்து தப்ப, அவர் எப்போது எங்கே இருப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி செய்ய வேண்டும்.

இந்த இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் செலவழிப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மேற்கு ஜெர்மனியின் முதலாளிகள் சங்கத் தலைவராக இருந்த ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையர், 1977 செப்டம்பர் 5 அன்று கொலோன் நகரில் தன் வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தார். பின்னால் மூன்று போலீஸ்காரர்களோடு எஸ்கார்ட் வண்டி. சாலையில் திடீரென்று வழி மறிக்கப்பட்டது, ஒரு குழந்தைத் தள்ளுவண்டியும் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். பின்னால் வந்த எஸ்கார்ட் வண்டி அவர் கார் மீதே மோதி நின்றது. டிரைவரும் மூன்று போலீஸ்காரர்களும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். ஷ்லையர் கடத்தப்பட்டு, அக்டோபரில் கொல்லப்பட்டார்.

அடுத்த ஆண்டு மார்ச் 16 அன்று ரோமில் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவுக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. முன்னால் போன கார் சட்டென்று நின்றது, அவர் கார் அதில் முட்டியது, எஸ்கார்ட் கார் பின்னால் வந்து முட்டியது. ஐந்து காவலர்களும் இறந்தார்கள். மோரோவின் உடல் மே 9 அன்று கிடைத்தது.

இரண்டிலும் ஆள்பலம் இருந்தது, ஆயுதம் இருந்தது. கார் நின்ற பிறகு அவற்றுக்கு வேலை செய்யச் சில நொடிகளுக்கு மேல் கிடைக்கவில்லை. பாதையும் நேரமும் எதிரிக்கு முன்பே தெரிந்திருந்தன. பெயர் நினைவில் நிற்காமல் போன அந்த ஒன்பது பேரையும் மனதில் வைத்துத்தான் நான் இதை எழுதுகிறேன். தலைவர் ஒருவர் “எனக்கு ஒன்றும் ஆகாது” என்று பழக்கத்தை மாற்ற மறுக்கும்போது, அவரோடு காரில் இருப்பவர்களின் உயிரையும் சேர்த்துத்தான் அவர் முடிவு செய்கிறார். இதை உங்கள் இயக்குநரிடம் அப்படியே சொல்லுங்கள். தன்னைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூட டிரைவரின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் யோசிப்பார்கள்.

ஆகவே அவருடைய மூன்று நாள் பயணத்தை ஒரு தாளில் வரையுங்கள். விமான நிலையம், ஹோட்டல், ஆலை, இரவு உணவுக்குப் போகும் இடம். எந்தப் பாதையில் போனாலும் கடந்தே ஆக வேண்டிய இடங்களைத் தனியாகக் குறியுங்கள்: ஹோட்டல் வாசல், ஆலைக்குப் போகும் ஒரே சாலை, நடுவில் ஒரு பாலம் இருந்தால் அது. பாதையை எவ்வளவு மாற்றினாலும் இந்த இடங்கள் மாறாது. திட்டமிட்டுத் தாக்குபவர்கள் காத்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். இங்கே மாற்றக்கூடியது நேரம் ஒன்றுதான். தினமும் எட்டரைக்குக் கிளம்பினால் ஒருநாள் ஏழு மணி, இன்னொரு நாள் பத்து மணி என்று வையுங்கள். அவர் கிளம்பும் முன் ஒருவர் அந்த இடங்களைச் சாதாரண வண்டியில் ஒருமுறை கடந்து போய், எஞ்சின் ஓடியபடி நிற்கும் கார், நேற்றும் இன்றும் அதே இடத்தில் நிற்கும் ஆள், புதிதாக முளைத்த சாலைப்பணித் தடுப்பு என்று ஏதாவது இருந்தால் போனில் சொல்ல வேண்டும். பெரிய செலவில்லை. ஆனால் எஸ்கார்ட் வண்டியைவிட இதற்குத்தான் நான் முதலில் பணம் ஒதுக்குவேன். மாதாமாதம் முதல் திங்கட்கிழமை, அதே விமானம், அதே ஹோட்டல், அதே மாடி என்று போவதும் ஒரு பழக்கம்தான். அதையும் கலையுங்கள்.

இனி டிரைவர். உங்கள் பட்ஜெட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் தாராளமாகச் செலவழிக்க முடியும் என்றால், அது இந்த இருக்கைக்காக இருக்கட்டும். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளமார் என்ற இடத்தில் பிரெஞ்சு அதிபர் டி கோலின் காரை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. அது சாதாரண சித்ரோவன் கார். டயர்கள் கிழிந்துபோயின. டிரைவர் பிரான்சிஸ் மாரூ நிறுத்தவே இல்லை, அதே டயர்களோடு ஓட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். டி கோலுக்கும் அவர் மனைவிக்கும் காயமில்லை.

மறுபக்கத்துக்கு 1997 ஆகஸ்ட் 31. இளவரசி டயானா இறந்த அந்த இரவில் யாரும் சுடவில்லை. மது அருந்தியிருந்த டிரைவர், அளவுக்கு மீறிய வேகம், போடாத சீட் பெல்ட். என் தொழிலில் இருப்பவர்கள் துப்பாக்கியை நினைத்துக் கவலைப்படும் அளவுக்குச் சாலை விபத்தை நினைத்துக் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம். டிரைவர் நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் வண்டியோட்டியவரை இரவு விமானத்துக்கு அனுப்பாதீர்கள். பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம்.

நல்ல டிரைவரை எப்படி அடையாளம் காண்பது? அரை மணி நேரம் கூடவே உட்கார்ந்து போனால் போதும். சிக்னலில் நிற்கும்போது முன் வண்டியின் பின் டயர்கள் தரையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி தூரம் விட்டு நிற்கிறாரா? அந்தத் தூரம் இருந்தால் ரிவர்ஸ் எடுக்காமலே ஒடித்து வெளியேறலாம். ஷ்லையர், மோரோ இருவரின் வண்டிகளுக்கும் அந்த இடைவெளி இல்லாமல் போனது. ஏறியதும் கதவுகளைப் பூட்டுகிறாரா? கண்ணாடிகளை அடிக்கடி பார்க்கிறாரா? நிறுத்தும்போது வெளியேறும் திசையைப் பார்த்து நிறுத்துகிறாரா? டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதவரா? வழியில் இருக்கும் போலீஸ் நிலையம், பெரிய மருத்துவமனை, இரவிலும் வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்கிறாரா? பின்னாலிருந்து யாராவது லேசாக இடித்தால் இறங்கிப் பார்க்கிறவர் வேண்டாம். இடித்துவிட்டு இறங்க வைப்பது பழைய தந்திரம். வெளிச்சமான இடம் வரை ஓட்டிப்போய் அங்கே பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று, மரியாதை என்று நினைத்து எல்லா ஊரிலும் செய்கிற தவறு. டிரைவர் ஓடிவந்து கதவைத் திறக்கக் கூடாது, பெட்டியைத் தூக்கக் கூடாது. இயக்குநர் ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவர் ஸ்டியரிங்கில்தான் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்து அதிகமான நொடிகளே அவைதான். கதவு மெய்க்காவலர் பொறுப்பு. அவர் முதலில் இறங்கிச் சுற்றிப் பார்த்த பிறகுதான் பின் கதவு திறக்க வேண்டும். இயக்குநர் உட்கார வேண்டியது பின் இருக்கையில், மெய்க்காவலருக்கு நேர் பின்னால்.

சரி, குண்டு துளைக்காத கார் வேண்டுமா? அந்த ஊரில் காரை நோக்கித் துப்பாக்கி நீட்டுவது வழக்கமாக நடக்கிறது என்றால் வேண்டும். சாதாரண மக்கள் ஓட்டும் கவசக் கார்கள் உலகிலேயே அதிகம் இருப்பது பிரேசிலில். அங்கே பெரும்பாலான கார்களில் இருப்பது கைத்துப்பாக்கியைத் தாங்கும் அளவுள்ள கவசம், ஏனென்றால் அங்கே சிக்னலில் எதிர்ப்படுவது கைத்துப்பாக்கிதான். ஐரோப்பிய அளவுகோலில் பி4 என்பது சக்தி வாய்ந்த கைத்துப்பாக்கிக் குண்டுகள் வரை தாங்குவது, பி6 ராணுவ ரைஃபிள் குண்டைத் தாங்குவது. உங்கள் ஏஜென்சி பி6 சொல்கிறது என்றால், அந்த ஊரில் ரைஃபிள் வைத்துச் செய்த குற்றங்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட முடியாவிட்டால், தேவையில்லாத எடையை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

எடைதான் இதில் பெரிய விஷயம். பி6 வண்டியில் கவசம் மட்டுமே ஒரு டன்னுக்குக் குறையாமல் கூடும். பிரேக் போட்டால் நிற்க அதிக தூரம் வேண்டும், வளைவில் சாயும். ஒரு கதவே ஓர் ஆளின் எடையைத் தாண்டும். அதைச் சரிவில் திறக்கப் பழகாதவர் விரலை நசுக்கிக்கொள்வார். சாதாரணக் காரில் பத்து வருடம் ஓட்டியவரானாலும் இந்த வண்டியில் தனியாகப் பழகியிருக்க வேண்டும். வாடகைக்கு வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது கண்ணாடி ஓரத்தை. பால் நிறத்தில் படலமோ குமிழியோ தெரிந்தால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன, அந்தக் கண்ணாடியை நம்ப முடியாது. அடுத்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்குகள், கூரையைத் தாங்கும் பில்லர்கள், கூரை, பேட்டரி இருக்கும் இடம் ஆகியவற்றிலும் கவசம் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழ் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்ததா, முழு வண்டியையும் சுட்டுப் பார்த்துக் கொடுத்ததா என்பது முக்கியம். சஸ்பென்ஷனும் பிரேக்கும் எடைக்கு ஏற்ப மாற்றப்பட்டிருக்க வேண்டும். பஞ்சரானாலும் ஓடும் டயர்கள் சாதாரணக் கார்களில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. வரை ஓடும் என்பார்கள். கவச வண்டியின் எடையில் அந்தக் கணக்கு செல்லாது, இந்த வண்டிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

கவசம் பயனில்லை என்று நான் சொல்லவே இல்லை. 1998 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் அதிபர் ஷெவர்ட்நாட்சே தோளில் வைத்து ஏவும் ராக்கெட்டுக்கும் துப்பாக்கிக்கும் தப்பியது அவருடைய கவச மெர்சிடிஸால்தான். ஆனால் 1989 நவம்பர் 30 அன்று டாய்ச் வங்கித் தலைவர் ஆல்ஃபிரட் ஹெர்ஹவுசன் இருந்ததும் கவச மெர்சிடிஸ்தான், முன்னும் பின்னும் காவல் வண்டிகளும் போயின. வீட்டிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில், சாலையோரம் நிறுத்தியிருந்த சைக்கிளில் வைத்த குண்டு அவரைக் கொன்றது. முதல் வண்டியைக் கடந்து போகவிட்டு, அவர் வண்டி வரும்போது வெடிக்கும்படி ஒளிக்கற்றையைக் குறுக்கே வைத்திருந்தார்கள். அவ்வளவு துல்லியமாக வைக்க, அவர் எப்போது எந்த வரிசையில் போவார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆயுதம் பற்றி என் கருத்து உறுதியானது. முதலில் அந்த நாட்டுச் சட்டம் என்ன அனுமதிக்கிறது, ஒவ்வொரு காவலருக்கும் அவர் பெயரில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து துப்பாக்கியோடு ஆளை அழைத்துப் போவது பெரும்பாலும் நடக்காத காரியம். மெய்க்காவலரின் வேலை திருப்பிச் சுட்டு வெல்வது என்று நினைப்பவரை எடுக்க வேண்டாம். உடலால் மறைத்து, காரில் ஏற்றி, இடத்தைவிட்டு வெளியேற்றுவதுதான் அவர் வேலை. நேர்காணலில் “ஒருவன் துப்பாக்கியோடு காரை நெருங்குகிறான், என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். முதல் பதில் நகர்வதைப் பற்றி இருந்தால் நல்ல ஆள். அப்புறம் ரத்தப்போக்கை நிறுத்தத் தெரியுமா, இறுக்குப் பட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். துப்பாக்கியைவிட முதலுதவிப் பைக்குத்தான் அதிகம் வேலை வரும்.

தகவலை விட்டுவிட்டால் இத்தனையும் வீண். 1992 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் எக்ஸான் நிறுவன அதிகாரி சிட்னி ரீசோ, வேலைக்குக் கிளம்பும் வழியில் வீட்டு வாசல் முனையில் செய்தித்தாளை எடுக்கக் காரிலிருந்து இறங்கினார். அங்கேயே கடத்தப்பட்டு, சில நாளில் இறந்தார். கடத்தியவர்களில் ஒருவர் அதே நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் முன்பு வேலை பார்த்தவர். ஆகவே பயண விவரம் யாருக்கெல்லாம் போகிறது என்று பட்டியல் எடுத்து, அதைப் பாதியாகக் குறையுங்கள். ஆலை ஊழியர்களுக்கு “இந்த வாரம் வருகிறார்” என்பது போதும், மணி தேவையில்லை. விமான நிலையத்தில் பெயரோ நிறுவனமோ எழுதிய பலகை வேண்டாம். டிரைவரின் படமும் வண்டி எண்ணும் முன்கூட்டியே அவர் போனுக்குப் போக வேண்டும், ஒரு அடையாளச் சொல்லும் இருக்கட்டும். ஆலைத் திறப்பு விழாப் படங்களை அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு போடச் சொல்லுங்கள். கடத்தல் காப்பீடு எடுத்தால், அது இருப்பது மிகச் சிலருக்கு மட்டுமே தெரிய வேண்டும். இந்தப் பாலிசிகளில் பெரும்பாலும் அதுவே ஒரு நிபந்தனையாகவும் இருக்கும்.

இயக்குநரிடம் பேசும்போது பயமுறுத்தாதீர்கள். பயந்தவர் ஒரு மாதம் கேட்பார், அப்புறம் பழைய வழிக்குப் போய்விடுவார். அவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான் என்று காட்டுங்கள்: நேரத்தை மாற்ற ஒப்புக்கொள்வது, காரைவிட்டுத் தானாக இறங்காமல் இருப்பது, பெல்ட் போடுவது, மெய்க்காவலர் “போகலாம்” என்றால் பேச்சை நடுவில் விட்டுக் கிளம்புவது. கடைசியானதுதான் பெரிய மனிதர்களுக்குக் கடினம். இதை வாய்மொழியாக விடாமல், இயக்குநர் குழுவின் தீர்மானமாகவே எழுதி வைத்துவிடுங்கள். அப்போது மெய்க்காவலர் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார்.

கவசமில்லாத காரில் போகும்போது துப்பாக்கி முகத்துக்கு நேராக வந்துவிட்டால், எதிர்க்க வேண்டாம். கைகள் தெரியட்டும், பெல்ட்டைக் கழற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கழற்றட்டும், காரையும் பையையும் போனையும் கொடுத்துவிடட்டும். அதற்காகவே குறைந்த வரம்புள்ள ஒரு கார்டும், நிறுவன ரகசியம் எதுவும் இல்லாத ஒரு போனும் கொடுத்து அனுப்புங்கள்.

ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும்போது, டிரைவரின் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். நீங்கள் கொடுப்பதில் சொற்பம்தான் அவர் கைக்குப் போகிறது என்றால் பேரம் பேசி உயர்த்துங்கள். அந்த ஊரிலேயே குடும்பத்தோடு வாழ்பவர் அவர், மிரட்டல் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். அவருக்குக் காப்பீடு உண்டா, மிரட்டல் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் வேலை போகாது என்ற உறுதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதல் பயணம் முடிந்த மறுநாள், இயக்குநர் இல்லாமல், டிரைவரோடும் மெய்க்காவலரோடும் ஒரு மணி நேரம் நீங்களே போனில் பேசுங்கள். எந்த இடத்தில் அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்று கேட்டு, இரண்டாவது பயணத்தின் தாளில் அந்த இடங்களை முதலில் குறியுங்கள்.